கோணல் கூடம்

முதலில் மின்சாரத்தைக் கழற்றிவிட்டு
பத்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும்.
மின்தேக்கிகளுக்குள் நூற்றுச்சொச்சம் வோல்ட்
போக மனமில்லாமல் நிற்கும்.
எனக்குள்ளும் ஒன்று நின்றது, செவ்வாயிலிருந்து.

ஏஜாக்ஸில் ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
பேஸ்மென்டில், ஃபர்னஸ் அறைக்குப் பக்கத்தில்,
சுவரெல்லாம் நுரைப்பஞ்சு ஒட்டிய
எட்டடிக்கு ஆறடி என் ஸ்டூடியோ.

அன்று டிலோஜினி வந்திருந்தாள்,
முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து,
பூட்ஸில் உப்புக் கறையோடு.
மருத்துவமனை ஒன்றுக்கான அறிவிப்பு:
“சத்திரசிகிச்சைக்கு முதல்நாள்
நள்ளிரவுக்குப் பிறகு எதுவும் உண்ணவோ பருகவோ வேண்டாம்.”
ஒரே வரி. ஒன்பது தரம்.
ஒவ்வொரு தரமும் ‘நள்ளிரவு’ வரும்போது
எண்ணெயில் கடுகு வெடித்தது.
“உன்ர தொண்டையில மணல்,” என்றேன்.
“சுடுதண்ணி குடி. திரும்ப.”

பத்தாவதில் அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.
“அண்ணை, ஒருக்கா மைக்கைப் பாருங்கோ.”
நான் சிரித்தேன். சிரித்துவிட்டு,
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்றேன்.

அவள் போன பிறகும் பதிவு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.
நாற்பது விநாடி வெற்று அறை.
இருபத்தேழாவது விநாடியில்
யாருமில்லாத இடத்தில்
கடுகு வெடித்தது.

ஆகவே இன்று கையுறை.
அடிவளையத்தைத் திருகி உறையை உருவினால்
உள்ளே விரலளவு கண்ணாடி.
அதற்குள் காற்றே கிடையாது.
காற்றில் வருவதையெல்லாம்
காற்றில்லாத ஓர் அறைதான் எடை போடுகிறது;
இத்தனை வருடம் இதை நான் யோசித்ததே இல்லை.

உச்சியில் வெள்ளிப்பூச்சு இன்னும் பளபளத்தது.
அது பால்போல் வெளுத்தால்
காற்று புகுந்துவிட்டது, வால்வு செத்துவிட்டது.
இது சாகவில்லை.
பொய் சொல்லத் தொடங்கியிருந்தது, அவ்வளவுதான்.

வெடுக்கென்று இழுக்கக் கூடாது.
பால்பல்லை ஆட்டுகிற மாதிரி
இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம்.
வந்தது.

புதியது என்கிறேன், அறுபத்திரண்டில் செய்தது.
அறுபது வருடத்துக்கு மேல் அட்டைப்பெட்டியில்
ஒரு சொல் கேளாமல் கிடந்திருக்கிறது.
இருநூற்றெண்பது டொலர், தபால் தனி.
ஊசிகளை எண்ணி, இடைவெளி பார்த்து,
மூச்சைப் பிடித்து அழுத்தினேன்.

இரவு முழுக்கச் சூடேறட்டும் என்று விட்டேன்.
விளக்கை அணைத்தால்
கம்பிவலைக்குப் பின்னால்
ஊதுபத்தி நுனியளவு சிவப்பு.

காலையில் ஹெட்போன்.
கடுகு இல்லை.
ஃபர்னஸ் மூச்சிழுப்பது கேட்டது.
மேலே டிஷ்வாஷர் தண்ணீர் மாற்றியது.
ஏழு பதினேழு கோ ரயில்
தெற்கே எங்கோ மேற்காக இழுத்துப்போனது.
என் முழங்கை மேசையில் உரசியது
எனக்கே அந்நியமாகக் கேட்டது.

இனிச் சோதிக்க ஒரு குரல் வேண்டும்.
வீட்டில் நான் மட்டும்.
ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்ல வாயெடுத்து
“டிலோஜினி, கூடம்தான் கோணல்” என்றேன்.
மீட்டர் முள் மைனஸ் பன்னிரண்டில் ஆடி விழுந்தது.

திரும்பப் போட்டுக் கேட்டேன்.
மைக்கில் பழுதில்லை.
‘கோணல்’ வருகிற இடத்தில்
தொண்டையில் கொஞ்சம் மணல். என்னுடையது.
இன்னொரு டேக் எடுக்காமல் அனுப்பினேன்.

மத்தியானம் பதில் வந்தது:
“மூண்டு மணித்தியாலக் காசு தர இருக்கு.
வியாழன் வாறன்.
அந்தப் பழைய பல்பை எறிஞ்சு போடாதேங்கோ,
எனக்கு வேணும்.”